உள்ளே ஒண்ணுமே இல்லை!

நம்ம ஊரில் 'ஹால்' என்று சொன்னால் போதும், உள்ளே என்னென்ன இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு பட்டியல் போட்டுவிடலாம். வாசலில் இரண்டு யானை. உள்ளே வரிசையாகத் தூண்கள். தூண்களுக்குப் பொன் கலர் பெயின்ட். மேலே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் ஒரு தாமரை, தாமரையின் நடுவிலிருந்து ஒரு சரவிளக்கு, சரவிளக்கில் பாதி பல்பு எரியாது. மிச்சமிருக்கும் சுவரில் நன்கொடையாளர் பட்டியல். டியூப் லைட்டைக்கூட விடுவதில்லை. 'உபயம்' என்று ஆரம்பித்துக் குடும்பம் மொத்தத்தையும் அதில் எழுதி, வெளிச்சம் வெளியே வர வழியில்லாமல் பண்ணியிருப்பார்கள். சுவரில் ஓரடி இடம் காலியாக இருந்தால் நமக்கு மனசு கேட்காது. ஓர் ஆணி, ஒரு காலண்டர்.

நான் சொல்லப்போவது ஒன்றுமே இல்லாத ஹாலைப் பற்றி. அந்த 'ஒன்றுமே இல்லை'க்காக ஒருவர் 126 மீட்டர் தூரத்துக்குக் கேபிள் இழுத்ததைப் பற்றி. அதே 'ஒன்றுமே இல்லை'க்காக எங்கள் ஆபீஸ் கமிட்டி மீட்டிங்கில் ஒரு பெரிய மனிதரின் மூக்கில் அடி விழுந்ததைப் பற்றியும்.

முதலில் என்னைப் பற்றி. சென்னைக்கு வெளியே ஒரு உதிரிபாகக் கம்பெனியில் புரொடக்‌ஷன் பிளானிங்கில் இருக்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம், எனக்கு வேலை வேண்டும். போதாக்குறைக்கு ரிக்ரியேஷன் கிளப் செயலாளர். கிளப்பின் ஆஸ்தி: கேரம் போர்டு ஒன்று, கால் ஆடுகிற டேபிள் டென்னிஸ் மேஜை ஒன்று, நான். பாட்மின்ட்டன் ஆட வேண்டுமென்றால் பக்கத்துக் கல்யாண மண்டபத்தை முகூர்த்தம் இல்லாத நாட்களில் மணிக் கணக்கில் வாடகைக்கு எடுப்போம். ஆடியும் மார்கழியும்தான் எங்கள் சீசன்.

மண்டபத்தில் ஆடுவதற்கென்று நாங்களே சில விதிகள் வைத்திருந்தோம். ஷட்டில் சரவிளக்கில் மாட்டினால் 'லெட்'. மின்விசிறியில் பட்டால் எதிராளிக்குப் பாயின்ட். நாம் தூணில் பட்டால் ஐந்து நிமிஷம் இடைவேளை.

எங்கள் மெயின்டனன்ஸ் ஃபிட்டர் ஒருவர் அங்கே தன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வருவார். அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். எங்களில் யாரையும் பத்து பாயின்ட் தாண்ட விடமாட்டாள். 'அங்கிள், ரெடியா?' என்று அவள் மரியாதையாகக் கேட்கும்போதே தோல்வி நிச்சயம் என்று தெரிந்துவிடும். அந்தப் பெண் ஒரு டோர்னமென்ட்டில், வழக்கமாக ஜெயிக்கிற ஒரு பெண்ணிடம் தோற்றுவிட்டு வந்தாள். எந்த ஹால் என்று சொல்லவேண்டாம். புத்தம் புது ஹால். பளிச்சென்று வெள்ளைச் சுவர், கோர்ட்டுக்குப் பின்னால் ஆளுயர ஜன்னல். வெள்ளை ஷட்டில் வெள்ளைச் சுவரிலிருந்து கிளம்பி வந்தால் எங்கே தெரியும்?

ஃபிட்டர் என்னிடம் சொன்னார்: "ஆட்டத்துல தோத்தா பரவால்ல சார். இது சுவத்துகிட்ட தோத்துட்டு வந்திருக்கு."

பிறகு கொஞ்சம் தயங்கி, "இன்னும் மூணே வருஷம். அதுக்குள்ள மாநில அளவுல ஏதாச்சும் வந்துட்டா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல காலேஜ் பார்த்துக்கலாம். இல்லைன்னா என் சம்பளத்துக்குள்ளதான் பார்க்கணும்" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் இரண்டு நல்ல காரியங்கள் நடந்தன. ஒன்று, கம்பெனியின் வெள்ளிவிழாவுக்காக கேன்டீனுக்குப் பின்னால் ஒரு ஸ்போர்ட்ஸ் ஹால் கட்ட அறுபது லட்ச ரூபாய் ஒதுக்கினார்கள். இரண்டு, என்னை மூன்று வாரப் பயிற்சிக்கு ஜப்பான் அனுப்பினார்கள். (இரண்டாவது, டிக்கெட் கைக்கு வரும்வரை நான் நம்பவில்லை.)

* * *

2023, ஜூலை 29. சனிக்கிழமை, லீவு. டோக்கியோவில் ஜப்பான் ஓப்பன் பாட்மின்ட்டன் அரையிறுதி. நம்ம லக்‌ஷ்யா சென் ஆடுகிறார் என்று தெரிந்ததும் இரண்டு நாள் சாப்பாட்டுப் பணத்தை டிக்கெட்டில் போட்டேன். போட்டி நடந்த இடம் யோயோகி தேசிய ஜிம்னேஷியம். ஹராஜுகு ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். வெயில் மட்டும் சென்னையிலிருந்து என் கூடவே வந்த மாதிரி இருந்தது.

கட்டடத்தை வெளியிலிருந்து பார்த்தபோது எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் வீட்டு மொட்டை மாடி. இரண்டு கம்பம் நட்டு, நடுவில் கொடி கட்டி, அதன்மேல் அம்மாவின் ஒன்பது கஜத்தைப் போட்டு, இரண்டு பக்கத்து ஓரங்களையும் இழுத்துக் கட்டினால் எப்படியிருக்கும்? அதேதான். கம்பங்கள் கான்கிரீட். இரண்டுக்கும் நடுவே 126 மீட்டர். கொடிக்குப் பதிலாக இரண்டு எஃகுக் கேபிள்கள், ஒவ்வொன்றும் 33 சென்டிமீட்டர் தடிமன். கேபிள்கள் கம்பங்களைத் தாண்டிப் போய் இரு முனையிலும் தரையில் நங்கூரம் பாய்ச்சியிருக்கின்றன. மொத்தக் கூரையும் அந்தக் கேபிள்களிலிருந்து இரண்டு பக்கமும் சரிந்து தொங்குகிறது.

கட்டியவர் கென்சோ டாங்கே. கணக்குப் போட்டவர் யோஷிகாட்சு சுபோய் என்ற இன்ஜினீயர். 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்காக, சுமார் ஒன்றரை வருடத்தில் முடித்தார்கள். (எங்கள் தெரு பாதாளச் சாக்கடை வேலை இன்னும் நடக்கிறது.) டாங்கே கேட்ட வளைவு வெறும் கேபிள் தானாகத் தொங்கினால் வராது. ஆகவே கூரையின் குறுக்கே கேபிளுக்குப் பதில் இரும்பு உத்திரங்களையே தொங்கவிட்டார் சுபோய். நடுவில் பணம் பற்றாமல் போய், டாங்கே நேராக நிதியமைச்சர் கக்குயே தனாக்காவைப் பார்த்துக் கேட்டு வாங்கினார் என்பது கட்டடக்கலைக்காரர்கள் மத்தியில் பிரபலமான கதை. கேஷியர் சம்மதிக்காமல் உலகத்தில் எந்தக் கட்டடமும் எழும்புவதில்லை என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

உள்ளே போனேன். ஒன்றுமே இல்லை.

நிஜமாகவே ஒன்றுமே இல்லை. ஆயிரக்கணக்கான பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு தூண் கிடையாது. யாருக்கும் யார் தலையும் தூணும் மறைக்கவில்லை. கூரையின் உள்பக்கம் ஒரே வீச்சில் இறங்கி வருகிறது. அதில் ஒரு பூ கிடையாது, பொம்மை கிடையாது. ஸ்பான்ஸர் போர்டும் ஸ்கோர் திரையும் போட்டிக்காக வந்தவை. அவற்றைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது கூரை, இருக்கைகள், நடுவில் ஒரு பெரிய வெற்றிடம்.

ஒரு பத்து நிமிஷம் அண்ணாந்து பார்த்தேன். பிறகு ஆட்டம் ஆரம்பித்தது. லக்‌ஷ்யா சென்னுக்கு எதிரே இந்தோனேஷியாவின் ஜோனதன் கிறிஸ்டி. மூன்று கேம் போய், கடைசியில் லக்‌ஷ்யா தோற்றார். தொண்டை கட்டிப்போய் எழுந்து நின்றபோதுதான் உறைத்தது. முதல் சர்வீஸுக்கு அப்புறம் அந்தக் கூரையை நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை! உலகம் முழுக்க மாணவர்கள் ஸ்கெட்ச் நோட்டோடு வந்து பார்த்துவிட்டுப் போகிற கூரை அது. 1987-ல் டாங்கேக்குக் கட்டடக்கலையின் நோபல் என்று சொல்லப்படும் பிரிட்ஸ்கர் பரிசு வந்ததற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. 2021-ல் ஜப்பான் அதைத் தேசியப் பண்பாட்டுச் சொத்தாகவே அறிவித்துவிட்டது. அப்பேர்ப்பட்ட கூரை, ஆட்டம் ஆரம்பித்ததும் சத்தம் போடாமல் ஒதுங்கிக்கொண்டது.

* * *

இந்தப் பாணிக்கு 'மினிமலிசம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வேண்டாததை எல்லாம் எடுத்துவிட்டு, எடுக்கவே முடியாததை மட்டும் விட்டுவைப்பது. வழவழப்பான பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள்: ஒரு வெள்ளை அறை, நடுவில் ஒரே ஒரு நாற்காலி, அதில் யாரும் உட்கார்ந்த அடையாளம் இருக்காது. அந்த மினிமலிசம் கேமராவுக்காக. (டாங்கேயின் கட்டடமும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் அடக்கமான ஆசாமியில்லை. ஊருக்கே தெரிகிற மாதிரி வளைந்து நிற்கிறது.) ஆனால் விளையாட்டு ஹாலுக்கு உள்ளே இருக்கும் மினிமலிசம் வேறு ஜாதி. அங்கே எடுக்கப்பட்ட ஒவ்வொரு பொருளுக்கும் பின்னால் ஓர் ஆட்டக்காரரின் கண்ணோ முட்டியோ இருக்கிறது.

பாட்மின்ட்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஷட்டில் என்பது பதினாறு இறகு. எடை 4.74 கிராமிலிருந்து 5.50 கிராமுக்குள். ஊதினால் நகரும். ஆகவே காற்று ஆகாது. மின்விசிறி ஆகாது, திறந்த ஜன்னல் ஆகாது. ஏ.சி. காற்று ஒரு பக்கமாக வீசினால், ஒரு முனையில் அடித்தது வெளியே போகும், மறு முனையில் அடித்தது நெட்டைத் தாண்டாது. பெரிய ஆட்டக்காரர்களே அலுத்துக்கொள்வதைக் கேட்டிருக்கலாம்.

அந்த ஐந்து கிராம் எவ்வளவு வேகமாக வரும் என்று நினைக்கிறீர்கள்? 2023-ல் நம்ம சாத்விக் சாய்ராஜ், ஜப்பானில் ஒரு ஃபேக்டரி ஜிம்மில் அடித்துக் காட்டிய ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீட்டர். கின்னஸ் சாதனை. ராக்கெட்டை விட்டதும் வேகம் சடசடவென்று குறைந்துவிடும் என்றாலும், எதிரே நிற்பவர் கண் இமைத்தால் கதை முடிந்தது. அந்த வெள்ளை இறகு தெரிய வேண்டுமென்றால் பின்னால் சுவர் இருட்டாக, ஒரே நிறமாக, எழுத்தோ படமோ இல்லாமல் இருக்க வேண்டும். விளக்கு கோர்ட்டுக்கு நேர் மேலே இருந்தால் அண்ணாந்து பார்க்கும்போது கண் கூசும். ஆகவே பக்கவாட்டில். லாப் போடுகிறவர்கள் வானத்துக்குப் போடுவார்கள். பெரிய சர்வதேசப் போட்டிகளுக்குக் கோர்ட்டுக்கு மேலே 12 மீட்டர் எந்தத் தடையும் இருக்கக் கூடாது. தாமரைப்பூ உள்பட.

இப்படி ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவதுதான் அந்த 'ஒன்றுமே இல்லை'. அது சிக்கனமும் இல்லை, ஃபேஷனும் இல்லை. நடுவில் நிற்கிற ஆளுக்குச் செய்கிற மரியாதை.

இன்னொரு லாபமும் உண்டு. காலியான இடம் எதற்கும் ஆகும். 1964-ல் யோயோகிக்குள் இருந்தது நீச்சல் குளம். அமெரிக்காவின் டான் ஷோலண்டர் நான்கு தங்கம் வாங்கியது அங்கேதான். 2020 ஒலிம்பிக்ஸ் கொரோனாவால் 2021-க்குத் தள்ளிப்போய் நடந்தபோது அதே கூரையின் கீழ் ஹேண்ட்பால். அடுத்து வந்த பாராலிம்பிக்ஸில் பாட்மின்ட்டன். பிரமோத் பகத்தும் கிருஷ்ணா நாகரும் நம் நாட்டுக்குத் தங்கம் வாங்கித் தந்தது அந்தத் தரையில். டாங்கே பிற்பாடு கட்டிய சிங்கப்பூர் இன்டோர் ஸ்டேடியம் 1989-ல் முடிந்தது. அதிலும் உள்ளே தூண் கிடையாது. 2017-ல் சாய் பிரனீத், 2022-ல் சிந்து, இருவரும் சிங்கப்பூர் ஓப்பன் ஜெயித்தது அங்கே.

'அப்படியானால் நம் மதுரை ஆயிரங்கால் மண்டபம் என்ன, தெரியாமல் கட்டினதா?' என்று நீங்கள் கோபிக்கலாம். இல்லவே இல்லை. அங்கே இருப்பது 985 தூண்கள். ஒன்றுகூடச் சும்மா நிற்கவில்லை. கல்லை அமுக்கினால் தாங்கும், வளைத்தால் உடைந்துவிடும். ஆகவே நீளமான கல் உத்திரம் போட முடியாது, சில அடிக்கு ஒரு தூண் வேண்டும். இரும்பு வேறு சுபாவம், இழுத்தால் தாங்கும். அதனால் கம்பத்துக்குக் கம்பம் 126 மீட்டர் தாண்ட முடிந்தது. அந்த ஸ்தபதியும் டாங்கேயும் சந்தித்திருந்தால் ஒருவரையொருவர் புரிந்துகொண்டிருப்பார்கள். இரண்டு பேருக்கும் புரியாதது, எதையும் தாங்காமல் பொன் பெயின்ட் பூசிக்கொண்டு நிற்கும் நம் கல்யாண மண்டபத் தூண்தான்.

* * *

ஊர் திரும்பிய முதல் வாரமே ஹால் கமிட்டி மீட்டிங். ஜி.எம்., ஹெச்.ஆர். மேடம், கேஷியர், ஸ்டோர்ஸ் சீனியர் ஒருவர், தொழிலாளர் பிரதிநிதியாக நம்ம ஃபிட்டர், மினிட்ஸ் எழுத நான்.

ஜி.எம். ஆரம்பித்தார். "ரோட்லேர்ந்து பார்த்தாலே தெரியணும். முன்னாடி ஒரு போர்ட்டிகோ, ரோமன் பில்லர், முழுக்க கண்ணாடி. பதினாலு லட்சம்தான் ஆகுமாம்."

ஹெச்.ஆர். மேடம்: "கோர்ட்டுக்குப் பின்னாடி சுவர்ல மஞ்சள் எழுத்துல 'வெற்றி நமதே'ன்னு பெரிசா எழுதலாம் சார். பக்கத்துல ஃபவுண்டர் படம். மோட்டிவேஷனா இருக்கும்."

ஸ்டோர்ஸ் சீனியர்: "ஈசான்ய மூலையில ஜன்னல் கண்டிப்பா வேணும். இல்லைன்னா நான் பொறுப்பில்லை."

கேஷியர் கால்குலேட்டரைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "நடுவுல நாலே நாலு தூண் வெச்சா எட்டு லட்சம் மிச்சம் சார்."

"கோர்ட் நடுவுலயா சார்?" என்றேன்.

"சேச்சே. ரெண்டு கோர்ட்டுக்கும் நடுவுல. ஆடறவங்க கொஞ்சம் பார்த்து ஆடிக்கணும், அவ்வளவுதானே?"

அதுவரை பேசாமலிருந்த ஃபிட்டர் கேட்டாரே ஒரு கேள்வி! "சுவத்துக்கு என்ன கலர் சார்?"

"அதெல்லாம் கடைசியில பார்த்துக்கலாம்ப்பா" என்றார் ஜி.எம்.

"இல்ல சார். அதை முதல்ல பார்த்துடலாம்."

பையிலிருந்து ஒரு ராக்கெட்டையும் ஷட்டிலையும் எடுத்தார். கான்ஃபரன்ஸ் ரூமின் வெள்ளைச் சுவருக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, "சார், இதைக் கையால பிடிங்க" என்று ஜி.எம். பக்கம் மெதுவாக ஒன்று தட்டினார். மெதுவாகத்தான். அது ஜி.எம்.மின் மூக்கில் போய் விழுந்தது. கேஷியர் அவசரமாகக் கால்குலேட்டரைப் பார்த்தார். அறையில் யாரும் மூச்சு விடவில்லை. ஃபிட்டர் அசராமல் ஜன்னல் பக்கம் போய், கரும்பச்சைத் திரையை இழுத்துவிட்டு, அதன் முன்னால் நின்று இன்னொன்று தட்டினார். ஜி.எம். லபக்கென்று பிடித்தார்.

"இதான் சார் கலர்" என்றார் ஃபிட்டர்.

ஜி.எம். கையிலிருந்த ஷட்டிலையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஜப்பான்ல ஏதோ ஹால் பார்த்தேன்னியே, படம் இருக்கா?" என்றார். செல்போனை நீட்டினேன். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, படத்துல ஒண்ணுமே இல்லையே?" என்றார்.

"அதுதான் சார் விஷயம்."

மீட்டிங் மேலும் இரண்டு மணி நேரம் நடந்தது. முடிவில் போர்ட்டிகோ அடிபட்டது. அந்தப் பதினாலு லட்சத்தில் எட்டு, தூணில்லாத கூரைக்குப் போனது. மிச்சம் ஆறு, தரைக்கு. நடுவில் எந்தத் தாங்கலும் இல்லாமல் 20 மீட்டர் தாண்டுகிற இரும்புச் சட்டங்கள். கணக்கு சுலபம். ஒரு கோர்ட் 6.10 மீட்டர் அகலம், 13.40 நீளம். இரண்டு கோர்ட், சுற்றிலும் நடுவிலும் இரண்டு இரண்டு மீட்டர் இடம் விட்டால் 18.20. உயரம் ஒன்பது மீட்டர். ஃபவுண்டர் படம் வெளித் திண்ணைக்கு வந்தது. 'வெற்றி நமதே' கேன்டீனுக்குப் போனது. ஈசான்ய மூலை ஜன்னல் உண்டு, கரும்பச்சை ஷட்டர் போட்டு நிரந்தரமாக மூடியிருக்கும். ஜன்னல் இருந்தால் போதுமாம், திறக்க வேண்டும் என்று சாஸ்திரத்தில் இல்லையாம்.

* * *

சும்மா சொல்லக் கூடாது. 'ஒன்றுமே இல்லை' என்பதைக் கட்டுவது மகா கஷ்டம். ஃபால்ஸ் சீலிங் என்பது எலெக்ட்ரீஷியனுக்குக் கடவுள் கொடுத்த பாவ மன்னிப்பு. மேலே எப்படி வேண்டுமானாலும் ஒயரை இழுத்துவிட்டுப் பலகையைப் போட்டு மூடிவிடலாம். சீலிங்கே இல்லையென்றால் ஒவ்வொரு பைப்பும் நூல் பிடித்த மாதிரி போக வேண்டும். எங்கள் எலெக்ட்ரீஷியன் மூன்று தடவை கழற்றி மாட்டினார். மூன்றாவது தடவை என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். பெரிய செலவெல்லாம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான். தரையில் தெரிவது மரப்பலகையும் அதன்மேல் பச்சை மேட்டும்தான். அதற்குக் கீழே ரப்பர் திண்டு, அதன்மேல் மரச்சட்டம், அதன்மேல் பிளைவுட். குதித்து இறங்கும் முட்டிக்கு அது தெரியும், கண்ணுக்குத் தெரியாது.

குறையும் உண்டு. இது டோக்கியோ இல்லை. ஏ.சி.க்குப் பணமில்லை. காற்று புகாத ஹால் சித்திரையில் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. கூரைக்குச் சூடு தடுக்கும் பஃப் பேனல், உச்சியில் காற்றில் தானே சுற்றும் வென்டிலேட்டர், சுவரின் அடியில் வலை போட்ட திறப்புகள் எல்லாம் இருந்தும், காலை எட்டு மணிக்கு மேல் ஆடினால் இட்லி. ஆகவே நாங்கள் ஐந்தரைக்கே வந்துவிடுகிறோம்.

வேலை நடந்துகொண்டிருந்தபோது, 2024 செப்டம்பரில், பாரிஸ் பாராலிம்பிக்ஸ். சைட் ஷெட்டில் செல்போனைச் சிமென்ட் மூட்டையில் சாய்த்துவைத்துப் பார்த்தோம். நம் காஞ்சிபுரம் துளசிமதிக்கு வெள்ளி. திருவள்ளூர் மனிஷாவுக்கும் ஓசூர் நித்யஸ்ரீக்கும் வெண்கலம். மூன்றுமே பாட்மின்ட்டன். போட்டி நடந்த போர்ட் தெ லா ஷப்பெல் அரீனா, பாரிஸ் நகருக்குள் அந்த ஒலிம்பிக்ஸுக்காகவே புதிதாகக் கட்டிய ஹால். சுமார் எட்டாயிரம் பேர் உட்காரலாம். இருக்கைகள் பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்தவை. அதே கட்டடத்தில் அக்கம்பக்கத்துக்காரர்கள் ஆட இரண்டு ஜிம்னேஷியம் வேறு. நாங்கள் எல்லாரும் ஸ்கோரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தோம். ஃபிட்டரின் பெண் மட்டும் திரையைத் தொட்டு, "பின்னாடி எவ்வளவு இருட்டா இருக்கு பாருங்கப்பா. இறகு எவ்வளவு கிளியரா தெரியுது" என்றாள்.

2025 தை மாதம் திறப்புவிழா. வந்திருந்த சிறப்பு விருந்தினர் ரிப்பனை வெட்டிவிட்டு உள்ளே வந்தார். சுற்றிலும் பார்த்தார். மேலே பார்த்தார். ஜி.எம்.மின் தோளைத் தட்டி, "ஷெட் நல்லா வந்திருக்கு. ஹால் வேலையை எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?" என்றார்.

ஜி.எம். ஒரு விநாடி என்னைப் பார்த்தார். எனக்கு அப்ரெய்சல் ஞாபகம் வந்தது. பிறகு அவர் சிரித்துக்கொண்டே, "முடிஞ்சிடுச்சு சார். ஆட ஆரம்பிச்சா தெரியும்" என்றார்.

முதல் மேட்ச் எனக்கும் ஃபிட்டரின் பெண்ணுக்கும். 21-7. ஏழு எப்படி வந்தது என்று இன்னும் ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருக்கிறேன். அவள் இப்போது பிளஸ் ஒன். மாவட்டத்தைத் தாண்டிவிட்டாள், மாநில அளவில் இன்னும் ஒன்றும் கைக்கு வரவில்லை. காலேஜ் கோட்டாவுக்கு இன்னும் கொஞ்சம் காலம்தான் இருக்கிறது. வெளி ஹால்களில் எப்படிப்பட்ட சுவர் வாய்க்குமோ, அது நம் கையில் இல்லை. ஆனால் தினமும் காலை ஐந்தரைக்கு அவள் ஆடுகிற இடத்தில், தோற்றால் எதிரே நிற்கிற ஆளிடம்தான் தோற்கிறாள். ஃபிட்டர் சைடில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஹாலைப் பற்றி இன்றுவரை அவர் ஒரு வார்த்தை பாராட்டிச் சொன்னதில்லை. கேட்டால், "எங்க சார் பார்த்தேன் ஹாலை? அவ ஆட்டத்தைத்தானே பார்த்துக்கிட்டிருக்கேன்" என்கிறார்.

காலி இடத்தைக் கட்டுவதைவிடக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. ஆயுதபூஜைக்குச் சுவரில் சந்தனம் வைக்க வந்தார்கள். கோப்பைகளுக்குக் கண்ணாடி பீரோ வேண்டும் என்றார்கள். போன மாதம் ரிட்டையரான ஒருவர் கிளப்புக்குச் சுவர்க்கடிகாரம் ஒன்று அன்பளிப்பாகக் கொண்டுவந்தார். டயல் முழுக்க அவர் பெயர், சேர்ந்த தேதி, ஓய்வுபெற்ற தேதி. எண்களுக்கு இடமில்லை. பின்சுவரில் அடிக்க ஆணியும் சுத்தியலும்கூடக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

சுவருக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓர் ஆள் நின்றார். ஷார்ட்ஸ், தலையில் பேண்ட், கையில் புது ராக்கெட். நம்ம கேஷியர்.

"உள்ள எதுக்கு சார் இதெல்லாம்? ஷட்டில் தெரியாது!"

கடிகாரம் இப்போது கேன்டீனில், 'வெற்றி நமதே'க்குக் கீழே மாட்டியிருக்கிறது. பத்து நிமிஷம் ஸ்லோ. லஞ்ச் நேரம் பத்து நிமிஷம் நீண்டுவிட்டது. இதுவரை யாரும் புகார் சொல்லவில்லை.